ஜெனீவாவுக்குப் போன ஒன்று

உலக சுகாதார நிறுவனத்தின் இறப்புத் தரவுத்தளத்தைக் கணினியில் திறந்து, நாடு என்ற இடத்தில் இலங்கையையும் காரணம் என்ற இடத்தில் தற்கொலையையும் தேர்ந்தெடுத்தால் ஒரு நிமிடத்துக்குள் அட்டவணை வந்துவிடுகிறது. ஆண், பெண் எனப் பிரித்து, ஐந்தைந்து வயதாக வகுத்த கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். காசு கேட்பதில்லை, யார் பார்க்கிறார்கள் என்றும் கேட்பதில்லை. பதினைந்து முதல் பத்தொன்பது வயதுப் பெண்கள் என்ற கட்டத்தில் நிற்கும் எண்ணில், கடைசியாகச் சேர்ந்த அந்த ஒன்று எங்கிருந்து கிளம்பியது, எத்தனை கை மாறி ஜெனீவாவுக்கு வந்தது என்பதை மட்டும் அட்டவணை சொல்வதில்லை.

அது கிளம்பிய இடம் பெரும்பாலும் ஒரு நெல் ஊர். தொண்ணூறுகளின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்வோம். குளமும் வாய்க்காலும் வயலுமான உலர்வலயக் கிராமம். பயிருக்கு அடித்தது போக மிச்சமிருந்த பூச்சிமருந்து வீட்டிலேயே ஒரு மூலையில் இருக்கிறது. வீட்டில் ஒரு வாக்குவாதம். காதலாக இருக்கலாம், அப்பாவின் குடியாக இருக்கலாம், பரீட்சை முடிவாகவோ யாரோ சொன்ன ஒரு சுடுசொல்லாகவோ இருக்கலாம். அந்தப் பகுதி ஆஸ்பத்திரிகளில் உயிர் பிழைத்தவர்களிடம் பேசிய ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப எழுதியிருப்பது இதுதான்: இவற்றில் பெரும்பாலானவை நாள்கணக்கில் திட்டமிட்டவை அல்ல. கோபம் தணிய எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில் நடந்தவை. அந்த நேரத்தில் கைக்கெட்டிய தூரத்தில் என்ன இருந்தது என்பதே பிழைப்பதையும் பிழைக்காமல் போவதையும் தீர்மானித்தது.

மரணம் நடந்தவுடன் அது எண்ணாகிவிடுவதில்லை. இலங்கையில் இப்படியான ஒரு சாவை விசாரிக்கத் திடீர் மரண விசாரணை அதிகாரி என்றொருவர் வருவார். நீதி அமைச்சின் நியமனம் பெற்ற உள்ளூர்க்காரர் அவர். பெரும்பாலும் மருத்துவம் படித்தவர் அல்ல. உடலைப் பார்ப்பார், தேவைப்பட்டால் சட்ட வைத்திய அதிகாரியிடம் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்புவார், வீட்டாரிடம் வாக்குமூலம் வாங்குவார். அழுதுகொண்டிருக்கும் ஒரு தாயிடம், உன் மகள் வேண்டுமென்று செய்தாளா, தெரியாமல் நடந்ததா என்று கேட்க வேண்டியவர் அவர்தான். 1998 வரை தற்கொலை முயற்சி அந்நாட்டில் தண்டனைக்குரிய குற்றம். இறந்தவரை எந்தச் சட்டமும் தண்டிக்காது என்றாலும், போலீஸ், வழக்கு என்ற அச்சம் அந்த வீட்டுத் திண்ணை வரை வந்து நின்றிருக்கும். அதையும் மீறி உண்மை சொல்லப்பட்டு, அதிகாரி அதை எழுதினால்தான் நம்முடைய ஒன்று பிறக்கிறது. அவர் பேனா வேறொரு சொல்லை எழுதியிருந்தால் ஜெனீவாவின் கட்டத்தில் அது இருந்திருக்காது.

இந்த முதல் கையை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். பதினேழாம் நூற்றாண்டு லண்டனில் இந்த வேலையைச் செய்தவர்கள் ஏழைக் கிழவிகள். திருச்சபை வட்டாரம்தோறும் அவர்களை அமர்த்தியிருந்தார்கள். சாவு வீட்டுக்குப் போய், உடலைப் பார்த்து, எதனால் என்று வந்து சொல்ல வேண்டும். அந்தச் சாவுப் பட்டியல்களைக் கூட்டிக் கழித்து 1662இல் புத்தகமாக்கியவர் ஜான் கிராண்ட் என்ற துணி வியாபாரி. இருபது ஆண்டுக் கணக்கில், தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள் 222 பேர் என்று அவர் அட்டவணை சொல்கிறது. அதே பக்கத்தில் துக்கத்தால் இறந்தவர்கள் என்றொரு வரியும் இருக்கிறது: 279 பேர். அந்த இரண்டு வரிகளுக்கும் நடுவில் எத்தனை பேரை அந்தக் கிழவிகள் இடம் மாற்றி வைத்தார்களோ! இரக்கத்தால்கூட மாற்றியிருக்கலாம். இருநூற்று முப்பது ஆண்டுகள் கழித்து, 1893இல் சிக்காகோவில் கூடிய புள்ளியியலாளர்கள் முன் ழாக் பெர்த்தியோன் என்ற பிரெஞ்சுக்காரர் உலகம் முழுக்கப் பொதுவான மரணக் காரணப் பட்டியல் ஒன்றை வைத்தார். இன்று உலக நாடுகள் பயன்படுத்தும் பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் மூலம் அதுதான். அதற்குச் சில ஆண்டுகளுக்குள், 1897இல், எமில் துர்க்கெய்ம் தற்கொலை பற்றிய தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். அதற்காகப் பிரெஞ்சு நீதி அமைச்சகத்தின் சுமார் 26,000 தற்கொலைக் கோப்புகளை வயது, பால், திருமணம், பிள்ளைகள் என்று வகை பிரித்துக் கொடுத்தவர் அவருடைய சகோதரி மகன் மார்செல் மோஸ். சமூகவியல் என்ற துறைக்கே அடித்தளம் போட்ட நூல்களில் ஒன்று, இப்படிக் கையால் பிரித்த கோப்புகளின் மேல் நிற்கிறது.

மீண்டும் நெல் ஊருக்கு வருவோம். விசாரணை அதிகாரியின் தாள் பதிவாளரிடம் போகிறது. இறப்புப் பதிவேட்டில் பெயர், வயது, ஊர், காரணம் எல்லாம் ஏறுகின்றன. அங்கிருந்து மாவட்டப் பதிவாளர், அங்கிருந்து கொழும்பில் பதிவாளர் நாயகம் திணைக்களம். இலங்கையில் இந்த வழி பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது. போர் நடந்த ஆண்டுகளில் வடக்கிலும் கிழக்கிலும் இது அறுந்தது. அந்தக் காலத்து இலங்கை எண்களைப் படிப்பவர்கள், அவற்றில் தமிழர் வாழும் மாவட்டங்களின் சாவுகள் முழுமையாக இல்லை என்பதை மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும். இன்னொரு பக்கம், அதே சாவைப் பற்றிப் போலீஸும் தனியாக ஒரு கணக்கு வைக்கிறது. இரண்டு கணக்குகளும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயமில்லை.

திணைக்களத்தில்தான் நம்முடைய ஒன்று தன் பெயரை இழக்கிறது. குறியீடு போடும் எழுத்தர் காரணத்தைப் படித்து, ஓர் எழுத்தும் சில எண்களுமாக அதைச் சுருக்குகிறார். அந்தப் பன்னாட்டு நோய் வகைப்பாட்டில், இன்று பெரும்பாலான நாடுகள் பயன்படுத்தும் பத்தாவது திருத்தத்தில் தற்கொலைக்கு உரிய இடம் எக்ஸ் 60 முதல் எக்ஸ் 84 வரை. பூச்சிமருந்தால் நேர்ந்தது என்றால் எக்ஸ் 68. ஆனால் அதே மருந்து, அதே மரணம், தற்செயலாக நடந்தது என்று தாளில் இருந்தால் எக்ஸ் 48. வேறொருவர் கொடுத்துக் கொன்றது என்றால் எக்ஸ் 87. நோக்கம் தெரியவில்லை என்றால் ஒய் 18. உடலுக்குள் நடந்தது நான்கிலும் ஒன்றே. வேறுபாடு முழுவதும் அந்தத் திண்ணையில் சொல்லப்பட்ட வாக்குமூலத்தில் இருக்கிறது. 'விஷத்தால் மரணம்' என்று மட்டும் எழுதி நிறுத்திவிட்ட ஒரு சோம்பேறித் தாள், ஒரு பெண்ணின் சாவைத் தற்கொலை வரியிலிருந்து வெளியே தள்ளிவிடும். அதனால்தான் ஒரு நாட்டின் தற்கொலை எண்ணை மட்டும் பார்ப்பது போதாது. பக்கத்திலிருக்கும் 'நோக்கம் தெரியவில்லை' வரியையும், 'காரணம் சரியாகக் குறிப்பிடப்படவில்லை' வரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தற்கொலை வரி மெலிந்தும் அந்த வரிகள் பருத்தும் இருக்கும் நாட்டில் தற்கொலை குறைவு என்று மகிழ்வதற்கு எதுவுமில்லை.

கொழும்பிலிருந்து ஜெனீவா வரையிலான பயணம் இருப்பதிலேயே சுருக்கமானது. நாடுகள் தம் ஆண்டுக் கணக்கை அனுப்புகின்றன. உலக சுகாதார நிறுவனம் 1950 முதல் இந்தக் கணக்குகளைச் சேர்த்து வருகிறது. ஒரு காலத்தில் தடித்த ஆண்டு நூல்களாக நூலகங்களில் இருந்தவை, பிறகு கோப்புகளாக இணையத்துக்கு வந்தன. ஒன்று இங்கே ஒரு கட்டத்துக்குள் போய் மற்ற ஒன்றுகளோடு கலந்துவிடுகிறது.

கலந்த பிறகு அது செய்த காரியம்தான் இந்தப் பயணத்தைச் சொல்லவே என்னைத் தூண்டியது.

1950இலிருந்து 1995 வரை இலங்கையின் தற்கொலை விகிதம் எட்டு மடங்கு ஏறியது. 1995இல் லட்சம் பேருக்கு 47. உலகத்திலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. போரில் சிக்கிய நாடு, வேலையில்லாத் திண்டாட்டம், குடி, உடையும் குடும்பங்கள் என்று காரணம் சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வயது வாரியாக, பால் வாரியாக, ஆண்டு வாரியாக எண்கள் கைவசம் இருந்ததால், ஊகங்களை எண்களோடு உரசிப் பார்க்க முடிந்தது. டேவிட் கன்னல், மைக்கேல் எடில்ஸ்டன் முதலிய ஆய்வாளர்கள் இலங்கையரோடு சேர்ந்து 2007இல் வெளியிட்ட ஆய்வு அதைத்தான் செய்தது. போர் ஆண்டுகள், வேலையின்மை, மது, மணவிலக்கு ஆகிய எவற்றின் ஏற்ற இறக்கமும் தற்கொலை எண்ணின் இறக்கத்தோடு பொருந்தவில்லை. பொருந்தியது ஒன்றே ஒன்று: எந்த ஆண்டில் எந்தப் பூச்சிமருந்துக்குத் தடை வந்தது என்பது.

இலங்கை 1980இலேயே பூச்சிமருந்துகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் கொண்டுவந்து, அதற்கென்று ஒரு பதிவாளரையும் அமர்த்தியிருந்தது. 1984இல் மிகக் கொடிய இரண்டு மருந்துகளை நிறுத்தத் தொடங்கினார்கள். 1995இல், உலக சுகாதார நிறுவனம் முதல் வகுப்பு நச்சு என்று பிரித்திருந்தவற்றில் எஞ்சியவற்றின் இறக்குமதிக்கும் விற்பனைக்கும் கட்டுப்பாடு வந்தது. அந்த இடத்தை வேறொரு மருந்து பிடித்தது. ஆஸ்பத்திரிகளில் அதனால் சாவுகள் கூடுவது தெரிந்ததும் 1998இல் அதையும் தடை செய்தார்கள். 2008க்கும் 2011க்கும் இடையில் இன்னும் மூன்று. இவற்றின் பெயர்களை இங்கே எழுதாமல் விடுகிறேன், தேவையில்லை.

2005க்குள் விகிதம் பாதியாகிவிட்டது. 1986 முதல் 1995 வரையான பத்து ஆண்டுகளோடு ஒப்பிட்டால், அடுத்த பத்து ஆண்டுகளில் 19,769 தற்கொலைகள் குறைவு. 1995 முதல் 2015 வரை சுமார் 93,000 உயிர்கள் தப்பியிருக்கும் என்று பின்னால் வந்த ஒரு கணக்கு சொல்கிறது. நெல் விளைச்சல் குறைந்ததா என்றும் பார்த்தார்கள். குறையவில்லை. இதில் என்னை மிகவும் நெகிழச் செய்யும் செய்தி வேறொன்று. அந்த ஆண்டுகளில் நஞ்சருந்தி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் தொகை குறையவே இல்லை, ஏறிக்கொண்டுதான் இருந்தது. கோபங்களும் துயரங்களும் அப்படியே இருந்தன. வந்தவர்கள் பிழைத்தார்கள். பிழைத்து வீட்டுக்குப் போனார்கள். கட்டத்துக்குள் போயிருக்க வேண்டிய பல்லாயிரம் ஒன்றுகள் இன்று பிள்ளை பெற்றவர்களாக, வயல் வைத்திருப்பவர்களாக, நடுவயது மனிதர்களாக அந்தத் தீவில் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள்.

இதே தரவுத்தளத்தில் இந்தியாவைத் தேடினால் என்ன கிடைக்கும்? மருத்துவர் சான்றளித்த, காரணம் வாரியான தேசிய இறப்புக் கணக்கு இந்தியாவுக்கு அங்கே இல்லை. உலகத் தற்கொலைகளில் மிகப் பெரிய பங்கு நடக்கும் நாட்டுக்கு வரிசை இல்லை. இந்தியாவில் நம்முடைய ஒன்று பயணத்தின் பாதியிலேயே நின்றுவிடுகிறது. 2020இல் பதிவான இறப்புகளில் 22.5 சதவீதத்துக்கு மட்டுமே மருத்துவக் காரணச் சான்று இருந்தது. மற்றவை பெயராக, தேதியாகப் பதிவேட்டில் ஏறுகின்றன. எதனால் என்ற இடம் காலி, அல்லது காலிக்குச் சமம்.

நம் நாட்டில் தற்கொலைக் கணக்கு சுகாதாரத் துறை வழியாக வருவதில்லை, காவல் நிலையம் வழியாக வருகிறது. 'இயற்கைக்கு மாறான மரணம்' என்று வழக்குப் பதிவாகி, பிரேதப் பரிசோதனை முடிந்து, திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் இறந்த பெண்ணென்றால் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) விசாரணையும் நடந்து, மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகம், மாநிலக் காப்பகம் என்று ஏறி டெல்லியில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில் முடிகிறது. 2022இல் அந்த அறிக்கையின் எண் 1,70,924. அதில் தமிழ்நாடு 19,834. மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். காரணம் என்ற பகுதியில் குடும்பப் பிரச்சினை 31.7 சதவீதம், நோய் 18.4 சதவீதம். தமிழ்ச் செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் 'தீராத வயிற்றுவலி' தெரியும். வரதட்சணையும் அடியும் அவமானமும் எத்தனை முறை அந்த இரண்டு சொற்களுக்குள் புதைக்கப்பட்டு, நோய் என்ற கட்டத்துக்குப் போயிருக்கும் என்று யாராலும் இனிக் கண்டுபிடிக்க முடியாது.

கண்டுபிடிக்கப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நம் ஊரிலேயே இருந்தார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சமூக சுகாதாரத் துறை கணியம்பாடி ஒன்றியத்தில் நீண்ட காலமாக ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் கணக்கெடுத்து வந்தது. ஊர்ச் சுகாதாரப் பணியாளர் அந்த ஊர்ப் பெண். சாவு நடந்தால் அவருக்குத் தெரியும். எதனால் என்பதும் தெரியும், ஏனென்றால் தெருவுக்கே தெரியும். 1994 முதல் 1999 வரை அவர்கள் எண்ணியபோது தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 95.2 என்று வந்தது. அதே காலத்தில் தேசிய அளவில் அரசு சொன்ன விகிதம் பத்து, பதினொன்று. பத்து முதல் பத்தொன்பது வயதுவரை உள்ளவர்களை மட்டும் தனியே எடுத்து 2004இல் லான்செட் இதழில் எழுதினார்கள். பையன்களில் லட்சத்துக்கு 58, பெண் பிள்ளைகளில் 148. அந்த எண்ணைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட அதிர்ச்சி இன்னும் குறையவில்லை. பள்ளிக்குப் போகிற, பாவாடை தாவணி உடுத்துகிற வயது அது. காவல் நிலையத்துக் கணக்கில் காணாமல் போனவர்கள், ஒரு சுகாதாரப் பணியாளரின் நோட்டில் இருந்தார்கள்.

தேசிய அளவிலும் ஒருமுறை இது நடந்தது. பத்து லட்சம் மரணங்கள் ஆய்வு என்று பெயர். வீடு வீடாகப் போய், குடும்பத்தாரிடம் கடைசி நாட்களைப் பற்றிக் கேட்டு எழுதி, அந்த வாக்குமூலத்தை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே படித்துக் காரணம் தீர்மானித்தார்கள். அந்த முறையில் 2010இல் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 1,87,000 தற்கொலைகள் என்று வந்தது. அதே ஆண்டுக்குக் காவல்துறைக் கணக்கு 1,34,599. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள் இடையில் நழுவியிருக்கிறார்கள். பெண்கள் விஷயத்தில் இடைவெளி இன்னும் அகலம்.

இணையத்தில் இந்தியாவின் தற்கொலை விகிதம் என்று தேடுகிற மாணவருக்கும் செய்தியாளருக்கும் எண் கிடைக்காமல் போகாது. உலக சுகாதார நிறுவனமே இன்னொரு பக்கத்தில் எல்லா நாடுகளுக்கும் எண் கொடுக்கிறது. 2021இல் உலகம் முழுக்க 7,27,000 பேர் என்பது அங்கிருந்து வருவதுதான். ஆனால் அது மதிப்பீடு. எண்ணிய நாடுகளின் கணக்கையும், எண்ணாத நாடுகளுக்குக் கிடைத்த ஆய்வுகளையும் வைத்துக் கணித மாதிரியால் பெற்றது. தவறானது என்று சொல்லவில்லை, இல்லாத இடத்தில் அதுதான் துணை. ஆனால் மதிப்பீட்டை வைத்துக்கொண்டு, எந்த மாவட்டத்தில், எந்த ஆண்டில், எந்த மருந்து விற்பனைக்கு வந்த பிறகு எண் ஏறியது என்று இலங்கையைப் போல உரசிப் பார்க்க முடியாது. எந்தத் தடை உயிரைக் காத்தது என்றும் சொல்ல முடியாது. கட்டத்துக்குள் இருப்பது எண்ணப்பட்ட ஒன்றா, கணிக்கப்பட்ட ஒன்றா என்று பார்க்காமல் அதை எடுத்து எழுதுவது பெரும் பிழை.

இந்தியச் சட்டம் இப்போது இந்தப் பயணத்துக்கு வழி விட்டிருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில், தற்கொலை முயற்சியைத் தண்டித்த பழைய 309ஆம் பிரிவே இல்லை. 2023இல் திருத்தப்பட்ட பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், மருத்துவமனையில் நடக்கும் ஒவ்வொரு மரணத்துக்கும் காரணச் சான்றைப் பதிவாளருக்குக் கொடுத்தே ஆக வேண்டும், உறவினருக்கும் ஒரு படி தர வேண்டும் என்கிறது. கட்டணம் கிடையாது. மருத்துவர்கள் அந்தத் தாளில் 'இதயம் நின்றது, மூச்சு நின்றது' என்று எழுதி முடித்துவிடாமல், அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதையும் எழுத வேண்டும். எல்லா மரணத்திலும் கடைசியில் மூச்சு நிற்கத்தான் செய்யும்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒரு சாவு நேர்ந்தால், விசாரிக்க வருபவரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். தங்கைக்குக் கல்யாணம் ஆக வேண்டுமே என்று வயிற்றுவலிக்குள் மறைக்காதீர்கள். அந்த மகளுக்காக இனி நீங்கள் செய்யக்கூடியது, அவளுக்கு நடந்ததை உள்ளபடி எழுத வைப்பது. அவள் வயதுப் பிள்ளைகளை அது காக்கும். உங்களுக்கோ உங்களைச் சேர்ந்தவருக்கோ இப்போதே மனம் தாங்கவில்லை என்றால் தாமதிக்காமல் பேசுங்கள்: தமிழ்நாட்டில் 104, இந்தியா முழுவதும் டெலி மானஸ் 14416, இலங்கையில் 1926.